கிழமைக்கு ஒரு நிறம்: மூன்று அட்டவணைகளும் ஒரு கிளிப்பச்சைப் புடவையும்

புதன்கிழமை என்ன நிறத்தில் உடுத்த வேண்டும்? கேட்கிற இடத்தைப் பொறுத்து பதில் மாறும். கோயில் நவக்கிரக சன்னதியில் கேட்டால் பச்சை. நவராத்திரி சமயத்தில் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் கேட்டால் ராயல் புளூ. பாங்காக்கில் கேட்டால் பகலில் பச்சை, பொழுது சாய்ந்த பிறகு சாம்பலோ கறுப்போ.

மூன்றுமே "பாரம்பரியம்" என்ற பெயரில்தான் வருகின்றன. மூன்றுக்கும் கீழே "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்ற வரி தவறாமல் இருக்கும். முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எந்த முன்னோர், எப்போது, எதைச் சொன்னார் என்று கேட்பதில் தப்பில்லையே. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் மூன்று அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நம்ம ஊர் நவக்கிரக வழக்கு: ஞாயிறு சிவப்பு, திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், வெள்ளி வெள்ளை, சனி கறுப்பு அல்லது கருநீலம்.

நவராத்திரி கலர் லிஸ்ட்: ஞாயிறு ஆரஞ்சு, திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் ராயல் புளூ, வியாழன் மஞ்சள், வெள்ளி பச்சை, சனி சாம்பல்.

இன்றைய தாய்லாந்து வழக்கு: ஞாயிறு சிவப்பு, திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி வெளிர்நீலம், சனி ஊதா.

ஏழு நாள், ஐந்து நிறம்

நவக்கிரகப் பட்டியலை ஒரு புரோகிராமர் கண்ணால் பார்த்தால் முதலில் உறுத்துவது, அதில் நிறங்கள் திரும்ப வருவதுதான். சிவப்பு இரண்டு தடவை, வெள்ளை இரண்டு தடவை. ஏழு நாளுக்கு மொத்தம் ஐந்து நிறம்தான் இருக்கிறது. "வானவில்லில் ஏழு நிறம், வாரத்தில் ஏழு நாள், இதுதான் நம் முன்னோர் கண்ட ஒளி அறிவியல்" என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அது இந்த இடத்திலேயே நின்றுபோகிறது. வானவில்லில் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. வானவில்லை ஏழாகப் பிரித்ததே நியூட்டன் செய்த கணக்கு.

அப்படியானால் இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? ஒரு பகுதி நேரடியாக வானத்திலிருந்துதான். இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். செவ்வாய் செம்மையாகத் தெரியும். வெள்ளி கண்ணைப் பறிக்கிற வெண்மை. சனி மங்கல். தமிழில் இந்தக் கோள்களின் பெயரே நிறம்தான்: செவ்வாய், வெள்ளி, வியாழனுக்குப் பொன், சனிக்குக் காரி. புறநானூறு 117-ஆம் பாட்டு சனியை மைம்மீன் என்கிறது. மை போன்ற மீன். ஜாதகப் புத்தகம் எதுவும் தேவைப்படாத, வெறும் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் இவை. புதனுக்குத்தான் இந்த வழி பொருந்தாது. அது சூரியனுக்குப் பக்கத்திலேயே ஒளிந்து திரிவது, பச்சையாகவும் தெரியாது. புதனின் பச்சை நூல் வழியாக வந்த நிறம்.

அந்த நூல்களில் முக்கியமானது 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் ஜாதகம். அதன் இரண்டாம் அத்தியாயத்தில் கோள்களின் நிறப் பட்டியல் இருக்கிறது: சூரியன் செம்பு நிறம், சந்திரன் வெள்ளை, செவ்வாய் கடுஞ்சிவப்பு, புதன் பச்சை, குரு மஞ்சள், சனி கறுப்பு. சுக்கிரனுக்கு? பலவண்ணம். இன்று நாம் வெள்ளிக்கிழமைக்குச் சொல்கிற வெள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. மூல நூல் என்று எல்லோரும் கைகாட்டுகிற இடத்திலேயே ஏழில் ஒன்று வேறாக இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கணும். அவர் சொன்னது கோளின் நிறம். அந்தக் கிழமையில் மனிதன் என்ன உடுத்த வேண்டும் என்பது வேறு கேள்வி. கோளின் நிறம், கோயிலில் அந்த மூர்த்திக்குச் சாத்தும் துணியின் நிறம், நான் அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் சட்டையின் நிறம் ஆகிய மூன்றும் மூன்று படி. இன்றைய அட்டவணைகள் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவாகத் தாவுகின்றன. நடுவில் யார் பாலம் போட்டார்கள் என்று சொல்வதில்லை.

கிழமை வந்த வழி

நிறத்தைக் கிழமையோடு கட்டுவதற்கு முதலில் கிழமை இருக்கணும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசை ஏன் அப்படி? வானில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை கோள்களை வரிசைப்படுத்தினால் சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோள் அதிபதி. ஒரு நாளுக்கு 24 மணி. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே மறுநாள் முதல் மணிக்கு வரிசையில் மூன்று தள்ளி நிற்கும் கோள் வரும். சனியிலிருந்து மூன்று தள்ளினால் சூரியன், அதிலிருந்து மூன்று தள்ளினால் சந்திரன், பிறகு செவ்வாய். ஒரே வரி நிரலில் மொத்த வாரமும் வந்துவிடும்.

இந்தக் கணக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து கிரேக்கச் சூழலில் உருவாகி இங்கே வந்தது. நாம் இன்றும் சொல்கிற "ஓரை" கிரேக்கச் சொல்லின் வழி வந்ததுதான். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையைத் தெளிவாகச் சொல்லும் மிகப் பழையவற்றுள் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் ஏரண் கல்வெட்டு: குப்த அரசன் புதகுப்தன் காலம், பொ.ஆ. 484, வியாழக்கிழமை. பிறகு சோழர் கல்வெட்டுகளில் நட்சத்திரம், திதியோடு கிழமையும் தாராளமாக வருகிறது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை போன்றவர்கள் அந்தக் கிழமைகளை வைத்துத்தான் கல்வெட்டுத் தேதிகளைச் சரிபார்த்தார்கள். எங்கள் தொழிலில் செக்சம் என்போமே, அதே வேலை.

கடன் வாங்கிய கணக்கு என்பதால் மதிப்புக் குறையாது. ஆனால் "ஆதிகாலம் தொட்டு" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை அது செல்லாமல் ஆக்கிவிடும். நொய்யல் கரையில் கொடுமணலில் ரத்தினக் கல்லை மணியாகப் பட்டை தீட்டியவர்கள் ஏரண் கல்வெட்டுக்குச் சில நூற்றாண்டுகள் மூத்தவர்கள். அந்த மணிகளைக் காட்டி "பார்த்தீர்களா, அப்போதே கிரகத்துக்கு ஏற்ற ராசிக்கல்" என்று ஒருவர் சொன்னால், ஆதாரம் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. நீலக் கல் கிடைத்தது என்பது நீலக் கல் கிடைத்தது என்பதை மட்டும்தான் சொல்லும்.

நவராத்திரி லிஸ்டின் சூத்திரம்

நவராத்திரி நிறங்கள் ஒவ்வொரு வருடமும் மாறுவதாகத் தெரியும். ஒன்பது துர்க்கைகளின் பெயரை ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரில் போட்டு, இந்த அம்மனுக்கு இந்த நிறம் ஏன் பிடிக்கும் என்று விளக்கமும் எழுதுவார்கள். நான் சில வருடப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 2021-லும் 2024-லும் ஒரே பட்டியல். 2022-லும் 2025-லும் ஒரே பட்டியல். காரணம் எளிது. 2021, 2024 இரண்டிலும் நவராத்திரி தொடங்கியது வியாழக்கிழமை. 2022, 2025 இரண்டிலும் திங்கட்கிழமை. முதல் ஏழு நாளும் கிழமைக்கு ஒரு நிறம். மிச்சம் இரண்டு நாளுக்கு இளஞ்சிவப்பு, ஊதா, மயில்பச்சை என்று கையில் இருப்பதில் இரண்டு. அவ்வளவுதான் சூத்திரம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், முதல் நாள் சைலபுத்திரிக்கு ஒரு வருடம் மஞ்சள் பிடிக்கும், மறுவருடம் வெள்ளை பிடிக்கும். நிறத்தைத் தீர்மானிப்பது அம்மன் இல்லை, காலண்டர். இந்த வழக்கம் பரவியது 2000-களின் முற்பகுதியில், மும்பை மராத்தி நாளிதழ் மகாராஷ்டிரா டைம்ஸ் நாளொரு நிறம் அறிவித்து, அந்த நிறத்தில் உடுத்திய பெண்களின் படங்களைப் போடத் தொடங்கியதிலிருந்து. ரயிலிலும் அலுவலகத்திலும் ஒரே நிறத்தில் பெண்கள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது ஒரு நல்ல பத்திரிகை யோசனை. அதில் சந்தோஷமும் இருந்திருக்கிறது. நமது ஐ.டி. அலுவலகங்களுக்கு அது வந்து சேரும்போது மட்டும் வேதகாலத்து வயது ஏறியிருந்தது.

தாய்லாந்து: மாறிய நிறமும் மாறாத எண்ணும்

தாய்லாந்தில் கிழமை நிறம் அன்றாட வாழ்க்கையிலேயே கலந்தது. பிறந்த கிழமையின் நிறம் அவரவர் நிறம். மன்னர் பூமிபோல் பிறந்தது 1927 டிசம்பர் 5, திங்கள், ஆகவே மஞ்சள். அரசி சிரிகிட் பிறந்தது 1932 ஆகஸ்ட் 12, வெள்ளி, ஆகவே வெளிர்நீலம். இளவரசி சிரிந்தோர்ன் பிறந்தது சனி, ஆகவே ஊதா.

அங்கேயும் பட்டியல் நிலையாக இருந்ததா? இல்லை. தாய்லாந்தின் பெரும் கவிஞர் சுந்தோர்ன் பூ (1786–1855) எழுதியதாகக் கருதப்படும் "சவஸ்தி ரக்சா" என்ற நீதிநூலில் கிழமைக்கு ஏற்ற உடை வருகிறது. அதில் திங்களுக்கு வெண்மை, செவ்வாய்க்கு நீலம் கலந்த ஊதா, புதனுக்கு ஆரஞ்சோடு பலவண்ணம், வியாழனுக்குப் பச்சை-மஞ்சள், வெள்ளிக்கு மேகச் சாம்பல், சனிக்குக் கறுப்பு. இன்றைய பட்டியலோடு அப்படியே ஒத்துப்போவது ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு ஒன்றுதான். பழைய தாய் பட்டியல் வராகமிகிரருக்கு ஞாயிறு, திங்கள், சனி மூன்றிலும் பக்கத்தில் இருக்கிறது. புதியது விலகிப் போயிருக்கிறது.

ஏன் விலகியது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தாய் பட்டியலில் ஒரு நிறமும் இரண்டாம் தடவை வராது. நவராத்திரி லிஸ்டிலும் அப்படித்தான். கோளுக்கு நிறம் சொல்லும்போது இரண்டு சிவப்பு இருந்தால் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் ஒரு நிறத்தைப் பார்த்ததும் ஒரே ஒரு கிழமை நினைவுக்கு வரவேண்டும் என்றால், ஒவ்வொன்றும் தனியாக இருந்தாகணும். டேட்டாபேஸ்காரர்கள் மொழியில் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட். நிறத்தை அடையாளமாகப் பயன்படுத்த ஆரம்பித்ததும் செவ்வாயின் சிவப்பு இளஞ்சிவப்பாகிறது. சந்திரன் மஞ்சளை எடுத்துக்கொண்டால் குருவுக்கு ஆரஞ்சு மிஞ்சுகிறது.

நிறம் மாறினாலும் மாறாமல் நின்ற ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். தாய் புராணத்தில் சிவபெருமான் கோள்களைப் படைக்கிறார். 6 சிங்கங்களைப் பொடித்து, நிறத் துணியில் சுற்றி, அமுதம் தெளித்தால் சூரியன். 15 தேவகன்னியர் சந்திரன். 8 எருமைகள் செவ்வாய். 17 யானைகள் புதன். 19 முனிவர்கள் குரு. 21 பசுக்கள் சுக்கிரன். 10 புலிகள் சனி. 12 மண்டையோடுகள் ராகு. கூட்டிப் பாருங்கள்: 108.

ஜோதிடம் தெரிந்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்திருப்பார்கள். இவை அஷ்டோத்தரி தசையின் வருடக் கணக்கு, ஓர் எண் பிசகாமல். நம்ம ஊரில் புழங்குவது 120 வருட விம்சோத்தரி. அதில் சந்திரனுக்கு 10, செவ்வாய்க்கு 7. அஷ்டோத்தரியில் எட்டு கோள்தான், கேதுவுக்கு இடமில்லை. தாய் வாரத்திலும் புதன் இரவை ராகுவுக்குக் கொடுத்து எட்டாக்கிவிட்டார்கள், கேது இல்லை. மியான்மாரிலும் புதனை இரண்டாக்கி எட்டுக் கிழமை வழிபாடு உண்டு. யாங்கோன் ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றியுள்ள கிழமைக் கம்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், "தாய்லாந்து கிழமை நிறம் தமிழன் கொடுத்தது" என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. தமிழுக்கும் தாய்லாந்துக்கும் தொடர்பு உண்மை. தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் சொல்கிறது. பாங்காக் அரண்மனைப் பிராமணர்களின் திரியம்பாவாய் சடங்கில் திருவெம்பாவை ஒலிக்கிறது. ஆனால் தொடர்பு உண்டு என்பதால் எல்லாமே நம்மிடமிருந்து போனது என்றாகாது. தாய் கிழமைப் பெயர்கள் ஆதித்ய, சந்திர, அங்காரக என்ற வடமொழி வழி. எண்கள் நம் பஞ்சாங்கத்தில் புழங்காத தசைக் கணக்கு வழி. இதில் தமிழுக்குத் தனி உரிமை கோர ஆதாரம் இல்லை. பெருமைக்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன.

நம்ம ஊர்க் கிழமை எதைக் கட்டுப்படுத்துகிறது?

தமிழ்நாட்டில் கிழமைக்கு விதி இல்லையா? நிறைய இருக்கிறது. ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் சனி, புதன். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது. புரட்டாசி சனிக்கிழமை கவுச்சி கிடையாது. செவ்வாய்க்கிழமை சலூன் லீவு. (தாய்லாந்தில் இதே கதை புதனுக்கு: புதன் முடிவெட்டினால் ஆகாது என்று பல கடைகள் மூடியிருக்கும்.) குளியல், சாப்பாடு, பணம், முடி. இவைதான் கிழமைக்குக் கட்டுப்பட்டவை.

உடையின் நிறமோ தெய்வத்துக்கும் நேர்த்திக்கும் கட்டுப்பட்டது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் விரதம் முடியும்வரை ஞாயிறும் கறுப்பு, வெள்ளியும் கறுப்பு. பழனிக்கு நடக்கிறவர் பச்சையோ காவியோ. மேல்மருவத்தூர் போகிறவர் சிவப்பு. மாரியம்மன் நோன்புக்கு மஞ்சள். இவர்களில் யாரும் "இன்று வியாழன், மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லிக் கேட்டதில்லை. கிழமைக்கு ஒரு சட்டை என்பது நம்மிடம் இருந்த வழக்கத்தின் நீட்சி மாதிரி தோன்றினாலும், வேறொரு பழக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

இதில் என்ன போகிறது?

"யாரோ ஆசைப்பட்டு ஒரு கலர் போடுறாங்க, உனக்கென்னய்யா?" என்று கேட்கலாம். ஆசைப்பட்டுப் போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆசை விதியாகும்போதுதான் பிரச்சினை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நவராத்திரிக்கு மெயில் வந்தது. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் உட்பட எல்லோரும் அந்தந்த நாள் நிறத்தில் வரவேண்டும், படம் எடுப்போம் என்று. புதன்கிழமைக்கு முந்தின நாள் எங்கள் மாடியைச் சுத்தம் செய்யும் அக்கா கேட்டார்: "ஏனுங்க சார், ராயல் புளூன்னா நம்ம இங்க்குக் கலருங்களா? எங்கட்ட கிளிப்பச்சதானுங்க இருக்குது." மறுநாள் அந்தக் கிளிப்பச்சையில்தான் வந்தார். படம் எடுக்கும்போது "கலர் மேட்ச் ஆகல" என்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவரும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

புதனுக்குப் பச்சை என்பது நம் கோயில் வழக்கு. பாசிப்பயறு வைத்து, பச்சைத் துணி சாத்தி, திருவெண்காட்டில் இன்றும் நடப்பது. பாரம்பரியம் என்ற பெயரில் போட்ட படத்திலிருந்து, பாரம்பரியப்படி சரியாக உடுத்தி வந்த ஒரே ஆளை வெளியே நிறுத்தினார்கள். அன்றைக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. இத்தனையும் தெரிந்ததே பிறகுதான்.

இது சின்ன அளவு. பெரிய அளவில் என்ன ஆகும் என்பதைத் தாய்லாந்து பார்த்தது. 2006-இல் மன்னரின் 60-ஆம் ஆட்சியாண்டுக்கு நாடே மஞ்சள் சட்டை போட்டது. அதே மஞ்சள் ஓர் அரசியல் அணியின் சீருடையாக ஆனது. எதிரணி சிவப்பை எடுத்துக்கொண்டது. 2008-இல் மஞ்சள் அணி பாங்காக் விமான நிலையங்களை முடக்கியது. 2010-இல் சிவப்பு அணிப் போராட்டமும் அதன் மீதான ராணுவ நடவடிக்கையும் 90-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. திங்கட்கிழமைக்கு என்று இருந்த ஒரு நிறம், நீ யார் பக்கம் என்ற கேள்வியாக மாறியது. நிறத்தின் மேல் பழி இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே நிறம் என்று ஆனதும், அந்த நிறத்தில் இல்லாதவர் உடனே கண்ணில் படுவார்.

என் முடிவு இது. கோளுக்கு நிறம் சொன்னது வானத்தைப் பார்த்த கண்ணும் நூல் எழுதிய கையும் சேர்ந்து செய்த வேலை, அதற்கு மதிப்புண்டு. கிழமைக்குச் சட்டை நிறம் என்பது பின்னால் வந்தது, இடத்துக்கு இடம் வேறு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வேறு. விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம், ஞாபகக் குறியாக வைத்துக்கொள்ளலாம், பக்தியாகவும் வைத்துக்கொள்ளலாம். அறிவியல் என்று சொல்லவும் இன்னொருவர் மேல் திணிக்கவும் மட்டும் அதில் இடமில்லை.

7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் கோளறு பதிகத்தில் ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசை மாறாமல் அடுக்கி, இரண்டு பாம்புகளையும் சேர்த்து, அடியாருக்கு எல்லாமே நல்லவை என்று முடித்துவிட்டார். யாருக்கு எந்த நிறம் என்று அவர் நிபந்தனை எதுவும் போடவில்லை.